அப்பா மாவு

எங்கள் அவிநாசி வீட்டுச் சமையலறையில் இரண்டு மாவு டப்பாக்கள் இருக்கின்றன. ஒன்று பழைய எவர்சில்வர் டப்பா. மில்லில் கொடுத்து அரைத்து வாங்கிய கோதுமை மாவு அதில் இருக்கும். மற்றது நீல மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் 'டயபடிக் ஆட்டா'வை அதில்தான் கொட்டி வைப்பார் அம்மா. மூடியின்மேல் ஒரு துண்டுக் காகிதத்தில் 'அப்பா' என்று எழுதி ஒட்டியிருக்கிறார். வீட்டில் அதற்குப் பெயரே அப்பா மாவு.

அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது 2019இல் தெரிந்தது. மறுவாரமே அந்த மாவு வீட்டுக்கு வந்தது. அம்மாவுக்கு இருப்பது தெரிந்தது 2015இல். அந்த நான்கு ஆண்டுகளில் அம்மாவுக்கென்று எந்த மாவும் வரவில்லை, எந்த டப்பாவிலும் அவர் பெயர் ஏறவில்லை. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. அப்பா கெட்டவரில்லை. நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன், எனக்கும் தோன்றவில்லை. போன ஆண்டு அலமாரியைத் துடைத்தபோது அந்தக் காகிதம் கையோடு வந்துவிட்டது. திரும்ப ஒட்டப் பசை தேடியபோதுதான் உறைத்தது.

நீரிழிவுக்காரர்களுக்கென்று தனியாகச் செய்து விற்கும் உணவுகளைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஆராய்பவர்கள் சில கேள்விகளைக் கேட்பார்கள். நம்புகிறீர்களா, ருசி பிடிக்கிறதா, விலை கட்டுப்படியாகிறதா. எல்லாம் தேவையான கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்று உண்டு. ஒரு வீட்டில் நோயாளி என்ற இடம் யாருக்குக் கிடைக்கிறது? அந்த இடம் கிடைத்தவருக்குத்தானே தனி உணவு கிடைக்கும்?

முதலில் அந்தப் பொட்டலத்தைப் படிப்போம். கவிதையையும் கதையையும் வரிவரியாகப் படிக்கப் பழகிய நாம், தினமும் கையில் எடுக்கும் இந்தப் பனுவலை மட்டும் பின்பக்கம் திருப்பாமலே வைத்துவிடுகிறோம். முன்பக்கத்தில் கோதுமைக் கதிர், இதயம், பச்சை இலை. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் சேர்மானம்: கோதுமை, சோயா, பார்லி, ஓட்ஸ், கொண்டைக்கடலை, வெந்தயம், இசப்கோல் உமி. எல்லாம் நல்ல பொருள்கள். ஆனால் மாவுச்சத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். சாதாரண கோதுமை மாவில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 65 முதல் 70 கிராம் வரை மாவுச்சத்து இருக்கிறது. தனி மாவில் அதைவிடக் கொஞ்சம் குறைவு, நார்ச்சத்து கொஞ்சம் கூடுதல். அந்தக் 'கொஞ்சம்' மூன்று சப்பாத்தியை நான்காக ஆக்கினால் காணாமல் போய்விடும். அப்பா நான்கு சாப்பிடுவார். "இது சுகர் மாவுதான கண்ணு" என்பார்.

இனிப்புப் பெட்டிகள் இன்னும் சுவாரசியமானவை. 'சுகர் ஃப்ரீ' என்று போட்டுக்கொள்ள இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைகள் ஓர் அளவு வைத்திருக்கின்றன. 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக்கூடாது, அவ்வளவுதான். மைதா எவ்வளவு, நெய் எவ்வளவு, வனஸ்பதி எவ்வளவு என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் வராது. சர்க்கரைக்குப் பதிலாகப் பெரும்பாலும் மால்டிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்கள் சேர்க்கிறார்கள். அவை சர்க்கரையைவிடக் குறைவாக ரத்தத்தில் குளுக்கோசை ஏற்றுமே தவிர, ஏற்றாமல் இருப்பதில்லை. கூடுதலாகச் சாப்பிட்டால் வயிறு உப்பும், கழியும். பிஸ்கட் சுகர் ஃப்ரீயாக இருக்கலாம், ஆனால் அதிலுள்ள மைதா வயிற்றுக்குள் போனபின் குளுக்கோசாக மாறத்தான் செய்யும்.

இந்தக் குழப்பத்துக்கு நம் மொழியும் உடந்தை. டீயில் போடுவதும் சர்க்கரை, ரத்தத்தில் அளப்பதும் சர்க்கரை, வந்திருக்கும் நோயும் சர்க்கரை. ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. 'சர்க்கரை இல்லாதது' என்று எழுதினால் ரத்தச் சர்க்கரையை ஏற்றாதது என்றும், சர்க்கரை நோய்க்கு ஏற்றது என்றும் நாம் சேர்த்தே படித்துவிடுகிறோம். வியாபாரி பொய் சொல்ல வேண்டியதே இல்லை. ஆர்என்ஆர் 15048 என்ற தெலங்கானா சோனா அரிசியைச் சில கடைகளில் 'சுகர் ஃப்ரீ ரைஸ்' என்றே விற்கிறார்கள். அதன் கிளைசெமிக் குறியீடு மற்ற வெள்ளை அரிசிகளைவிடக் குறைவு என்பது உண்மை. ஆனால் அரிசியில் சர்க்கரை எப்போது இருந்தது, இல்லாமல் போவதற்கு?

இந்த வகை உணவுகளை ஐரோப்பா பார்த்து முடித்துவிட்டது. அங்கே பல பத்தாண்டுகள் ஃப்ரக்டோசும் சார்பிட்டாலும் போட்ட 'டயபடிக்' சாக்லேட்டும் ஜாமும் தனி அலமாரியில் விற்றன. தனி உணவு தேவை என்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லையென்று ஐரோப்பிய ஆணையத்தின் அறிக்கை 2008இல் சொன்னது. ஜெர்மனி 2010இல் சட்டத்தைத் திருத்தி, கடைகளில் இருந்ததை விற்றுத் தீர்க்க 2012 வரை அவகாசம் கொடுத்து, அந்தப் பெயர்ச்சீட்டையே ஒழித்தது. பிரிட்டனில் நீரிழிவு நோயாளிகளின் அமைப்பே இவை வேண்டாம் என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தது. கொழுப்பும் கலோரியும் குறையவில்லை, விலை மட்டும் கூடுதல் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அங்கே மூடிய கடை இங்கே திறந்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு, 2023இல் வெளியானபோது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் என்று மதிப்பிட்டது. இது பொதுச் சுகாதாரத்தின் கணக்கு. சந்தைக்கும் இதே கணக்குத்தான்.

இனி எங்கள் ஊர்ப் பெண்கள். கடந்த ஓராண்டாக, சர்க்கரை இருக்கும் பெண்களிடம் இந்த உணவுகளைப் பற்றிப் பேசிப் பார்த்தேன். ஆய்வு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். கல்யாண வீட்டில், பஸ்ஸில், மருந்துக் கடை வாசலில் கேட்ட பேச்சுகள்தான்.

தெக்கலூரிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போகும் ஓர் அக்கா சிரித்தார். "அதெல்லாம் பணக்காரங்க சுகருக்குங்க. எங்க சுகருக்கு ஜிஎச் மாத்திரையே போதுமுங்க." அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போனால் ஓவர்டைம் முடிந்து வெளியே வர இரவாகிவிடுகிறது. டீ டைமில் கிடைப்பது டீயும் பன்னும். அவருக்குத் தேவை தனி பிஸ்கட் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடவும் இரண்டு தடவை கூடுதலாகக் கழிப்பறை போகவும் விடுகிற சூப்பர்வைசர்தான் தேவை. சர்க்கரை கூடினால் சிறுநீர் அடிக்கடி வரும். கழிப்பறைக்குப் போவதைக் கணக்கெடுக்கும் இடத்தில் வேலை செய்யும் பெண் அதற்கு என்ன செய்வாள்? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வாள். அக்கா குறைத்துக்கொண்டிருக்கிறார். இதற்கு எந்தப் பொட்டலமும் பதில் சொல்வதில்லை.

சேவூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பத்தின் பெரியம்மா ஒருவர், சித்திரைத் தேர் நோம்பிக்கு மகன் வாங்கி வந்த சுகர் ஃப்ரீ மைசூர்பாகுப் பெட்டியை எனக்குக் காட்டினார். பெட்டி பாதி காலி. "ஊருக்கே இனிப்பு. எனக்கு மட்டும் வாயக் கட்டோணுமா? இது வந்தப்பறந்தான் நானும் மனுசியா எடுத்துச் சாப்படறேன்" என்றார். இதைக் கேட்டுவிட்டு மால்டிட்டாலைப் பற்றி உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. விலக்கப்பட்டவளாக இலையின் முன் உட்கார்ந்திருப்பதன் வலி பெரிது. அந்த வலிக்குத்தான் அவர் விலை கொடுக்கிறார். ஆனால் அந்தப் பாதிப் பெட்டி நெய், அவருடைய பாதத்தில் ஆறாமல் இருக்கும் புண்ணோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறது.

பணிநிறைவு பெற்ற டீச்சர் ஒருவருக்கு இதே பெட்டி அவமானமாகப் படுகிறது. அவர் போகும் கல்யாணங்களில் இப்போது 'சுகர் இருக்கறவங்களுக்கு' என்று தனி இனிப்பை ஒரு தட்டில் கொண்டுவருகிறார்கள். பரிமாறும் பையன் பந்தி முழுக்கக் கேட்கும்படி, "டீச்சர், உங்களுக்கு சுகர்தானுங்க?" என்றானாம். "முப்பத்திரண்டு வருசம் வேலை பாத்தேன், ஊருக்கு நான் டீச்சர். இப்ப நான் சுகர்" என்றார்.

நான்காவது ஒரு பெண் உண்டு. அவர் எதையும் வாங்குவதில்லை, வாங்கவும் விடுவதில்லை. கல்யாணமாகி மூன்று ஆண்டுகளே ஆன அவருக்குக் கர்ப்ப காலத்தில் வந்த சர்க்கரை, பிரசவத்துக்குப் பிறகும் போகவில்லை. மாமியார் வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரையைத் தையல் மெஷின் டிராயரில் வைத்திருக்கிறார். தனி உணவு வாங்கினால் நோய் வெளியே தெரிந்துவிடும். நோய் வெளியே தெரிந்தால் "சொல்லாமக் கட்டிக் கொடுத்துட்டாங்க" என்ற பேச்சு வரும். அப்பாவின் டப்பாவில் பெயர் ஒட்டுவது அன்பு. இவருக்குப் பெயர் ஒட்டினால் அது குற்றப்பத்திரிகை. ஒரே பொருள், ஒரே ஊர்.

அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். போன தையில் திருமுருகன்பூண்டிப் பக்கம் ஒரு மண்டபத்தில் என் ஒன்றுவிட்ட தம்பியின் கல்யாணம். அம்மா விடியற்காலை ஒரு காப்பியோடு கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த மாத்திரை கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லி உந்தும், சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும். சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். அம்மாவுக்கு இது தெரியும். ஆனால் அவர் மாப்பிள்ளைக்கு அத்தை. சீர்த்தட்டு எடுக்க வேண்டும், வந்தவர்களை வரவேற்க வேண்டும், சம்பந்தி வீட்டாரைப் பந்தியில் உட்கார வைக்க வேண்டும். வீட்டுப் பெண்களுக்குக் கடைசிப் பந்தி. ஒன்பதே முக்காலுக்குச் சந்தனக் கிண்ணம் அவர் கையில் நடுங்குவதைப் பார்த்தேன். முகமெல்லாம் வேர்வை. கேட்டால் பதில் கோர்வையாக வரவில்லை.

உறவுக்காரப் பெண் ஒருத்தி ஓடிப்போய் லட்டு கொண்டுவந்தாள். பாவம், நல்ல மனசு. அத்தைக்குச் சர்க்கரை ஆயிற்றே என்று பார்த்துப் பார்த்துச் சுகர் ஃப்ரீ லட்டு. நானும் வாங்கி ஊட்டினேன். படித்தவள்தான் நான். அந்த நிமிடத்தில் 'சர்க்கரை உள்ளவருக்குச் சர்க்கரை இல்லாதது' என்ற சூத்திரம்தான் என் கையையும் இயக்கியது. ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துபோனவருக்கு உடனே வேண்டியது உண்மையான சர்க்கரை, ஏறத்தாழ 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்து. கால் மணி நேரம் பொறுத்துத் திரும்பவும் அளந்து பார்க்க வேண்டும். கடலை மாவும் நெய்யும் சேர்ந்த உருண்டை செரித்து ரத்தத்துக்கு வருவதற்குள் ஆள் மயங்கிவிடலாம். சமையல்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாதான் எட்டிப் பார்த்துவிட்டு, "அதக் குடுக்காதீங்க அம்மிணி, எங்கூட்டுக்காரருக்கும் இப்பிடித்தானாகும்" என்று ஒரு டம்ளரில் சர்க்கரையைக் கொட்டிச் சுடுதண்ணீர் ஊற்றிக் கலக்கிக்கொண்டு வந்தார். பத்து நிமிடத்தில் அம்மா கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "பொண்ணு வீட்டுக்காரங்க சாப்ட்டாங்களா?"

அன்றைக்கு அம்மாவுக்கு இல்லாமல் போனது ஆறு மணிக்கு இரண்டு இட்லி. கடைசிப் பந்தி என்ற வழக்கத்தை நீரிழிவு மருத்துவம் எந்தப் பாடநூலில் எழுதியிருக்கிறதோ தெரியாது. எங்கள் வீடுகளில் அது ஓர் ஆபத்துக் காரணி.

சரி, பொட்டலம் வேண்டாம், பாட்டி சாப்பாட்டுக்குத் திரும்புவோம் என்கிறது இன்னொரு குரல். 2023 சிறுதானிய ஆண்டாக உலகெங்கும் கொண்டாடப்பட்டபின் இந்தக் குரலுக்கு மேடை கூடிவிட்டது. கொங்கு நாட்டில் எந்த விழாவிலும் ஒருவர் மைக்கைப் பிடித்து, "நம்ம அப்பத்தா கம்பஞ்சோறும் ராகிக்களியும் தின்னாங்க, அவங்களுக்குச் சுகர் வந்துதா?" என்று கேட்பார். கேட்பவர் பெரும்பாலும் ஆண். கூட்டம் கைதட்டும்.

என் அப்பத்தாவின் வலது தோள் இடதைவிடத் தாழ்ந்திருக்கும். கம்பு குத்திய தோள். கம்பைத் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, உரலில் போட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து உமியை நீக்கி, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, அதற்குப் பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும். தோட்டத்து வேலைக்குப் போகும் முன் விடியலில் இதை முடித்தாக வேண்டும். மானம் பார்த்த பூமியான அவிநாசி வட்டாரத்தில் அரிசிச் சோறு என்பது நோம்பிக்கும் விருந்தாளிக்கும்தான். ரேசன் அரிசி வந்தது, 2008இல் கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011இல் இலவசமானது. அந்த அரிசியால்தான் சர்க்கரை வந்தது என்று மேடைக்காரர் சொல்லும்போது, அந்த அரிசியால்தான் உலக்கை ஓய்ந்தது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். அப்பத்தா கம்பஞ்சோற்றுக்காக ஏங்கியதே இல்லை. நெல்லுச்சோற்றை வாழ்நாள் முழுக்க விருந்துபோல்தான் சாப்பிட்டார். வெயிலில் பத்து மணி நேரம் உழைத்த உடம்புக்குள் போன களியும், டிவி முன் உட்கார்ந்த உடம்புக்குள் போகும் களியும் ஒன்றாகுமா என்ற எளிய கேள்விகூட அந்த மேடையில் எழாது.

பாட்டி உணவு இப்போது பொட்டலத்தில் வருகிறது. கம்பு தோசை மிக்ஸ், சாமை உப்புமா மிக்ஸ், ராகி மால்ட். மணமகன் கல்லைத் தூக்கிப் பலத்தைக் காட்ட உதவியதாகக் கதை சொல்லப்படும் மாப்பிள்ளைச் சம்பா, இன்று சர்க்கரைக்கார மாமனாருக்காக விற்கிறது. தவிடெல்லாம் போகத் தீட்டிய சிறுதானியம் அரிசியைப் போலத்தான் நடந்துகொள்ளும். முன்பு சொன்ன அதே ஆய்வுக் குழு 2025இல் வெளியிட்ட உணவுப் பழக்க ஆய்வு இந்த இடத்தில் முக்கியமானது. இந்தியர்கள் தங்கள் கலோரியில் ஏறத்தாழ 62 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்து பெறுகிறார்கள். வெள்ளை அரிசியை எடுத்துவிட்டு முழுக்கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ அதே இடத்தில் வைப்பதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாக அந்த ஆய்வில் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் பொருள்களின் புரதத்தை வைத்தால் குறைவதாகத் தெரிந்தது. ஆக, எந்த மாவு என்பதைவிட எவ்வளவு மாவு, பக்கத்தில் என்ன என்பதே விஷயம். கொள்ளுப் பருப்பும் தட்டைப்பயறும் அவரையும் நிலக்கடலையும் விளைகிற எங்கள் ஊருக்கு இது ஒன்றும் எட்டாத சமாச்சாரமில்லை. ஆனால் கொள்ளுக்கு விளம்பரம் யார் செய்வார்கள்?

மூன்றாவது ஒரு பனுவலும் உண்டு. நமக்கு மிகவும் பழக்கமானது. பெண்கள் பத்திரிகைகளின் இணைப்பாக வரும் 'சர்க்கரை நோயாளிகளுக்கு 30 வகை ரெசிப்பி'. நானும் இவற்றைச் சேர்த்து வைத்தவள்தான், கேலி செய்யும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஒரு விமர்சகியாக அவற்றின் வினைச்சொற்களைப் பாருங்கள் என்பேன்: ஊறவைக்கவும், முளைகட்டவும், துணியில் கட்டித் தொங்கவிடவும், வறுக்கவும், பொடிக்கவும், சலிக்கவும். இந்த ஏவல்கள் எல்லாம் யாரை நோக்கியவை? அந்த இணைப்பில் வரும் 'சர்க்கரை நோயாளி' ஒருநாளும் சமைப்பதில்லை. சமைப்பவளுக்கு ஒருநாளும் சர்க்கரை இல்லை. இருவரும் ஒரே ஆளாக இருக்கலாம் என்ற எண்ணமே அந்த வகைமைக்குள் கிடையாது. எங்கள் வீட்டில் காலையில் பேரனுக்கு இட்லி, அப்பாவுக்குக் கம்பு தோசை, எனக்குத் தக்காளிச் சட்னியோடு ஏதாவது. அம்மா சாப்பிடுவது இட்லிக் குண்டாவில் மிஞ்சியதை. நோயாளிக்கான தனிச் சமையல் இன்னொரு நோயாளியின் முழங்கால் வலியில்தான் நடக்கிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலரும் பெண்தான், மகளிர் குழுவிலிருந்து வந்தவர். ஒருநாள் அவர் வந்தபோது நான் வீட்டில் இருந்தேன். அப்பா திண்ணையில் கையை நீட்டினார், குத்தி அளந்தாயிற்று. அம்மாவைக் கூப்பிட்டார். "அடுப்புல குழம்பு இருக்குது, அடுத்த தடவ பாத்துக்கலாஞ் சாமி" என்று உள்ளிருந்தே குரல் வந்தது. அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குள் போனார். அம்மா ஒரு கையால் கரண்டியைப் பிடித்திருக்க, மறு கையின் விரலில் ஊசி போட்டு அளந்துவிட்டு வந்தார். இருநூற்று எழுபது. நான் படித்த எந்த விளம்பரத்திலும் இந்தக் காட்சி இல்லை.

டச்சுத் தத்துவவாதி அன்னமேரி மோல் நீரிழிவுச் சிகிச்சையை வைத்து ஒரு நூல் எழுதியிருக்கிறார். 2008இல் ஆங்கிலத்தில் வந்தது. அதில் சர்க்கரை அளக்கும் கருவியின் விளம்பரம் ஒன்றை எடுத்துக்கொள்கிறார். மலையில் இளைஞர்கள் உற்சாகமாக நடந்துபோகும் படம். நோயாளியை வாடிக்கையாளராக்கி, விருப்பமானதைத் தேர்ந்தெடு என்று சொல்வது ஒரு தர்க்கம். கூட இருந்து, அன்றாடம் பார்த்து, சரிப்படாததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்வது வேறொரு தர்க்கம். முன்னதைத் தேர்வின் தர்க்கம் என்றும் பின்னதைக் கவனிப்பின் தர்க்கம் என்றும் மோல் பிரிக்கிறார். இந்தப் பிரிப்பு எனக்கு உதவியது. டயபடிக் ஆட்டா தேர்வின் தர்க்கத்தில் நிற்கும் பொருள். சமையலறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்த பெண் செய்தது மற்றது. ஆனால் மோலோடு ஓரிடத்தில் சண்டை போடத் தோன்றுகிறது. எங்கள் ஊரில் கவனிப்பு என்று சொன்ன மாத்திரத்தில் அது ஒரு பெண்ணின் தலையில்தான் வந்து விழும். அந்தத் தன்னார்வலருக்குக் கிடைப்பது சம்பளமில்லை, ஊக்கத்தொகை. அம்மாவுக்கு அதுவும் இல்லை.

இவ்வளவு சொன்னதால் தனி உணவு எல்லாவற்றையும் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அம்மா டீயில் போட்டுக்கொள்ளும் இனிப்பு மாத்திரையை நான் பிடுங்க மாட்டேன். உடல் எடையைக் குறைப்பதற்காக இத்தகைய இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னதை ஒரு மாமா பேப்பரோடு வந்து காட்டினார். அந்தப் பரிந்துரை ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கானது இல்லை என்று அதிலேயே இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் டீயும், அதிலுள்ள இனிப்பும், அதைக் குடிக்கும் பத்து நிமிடமும் அம்மாவுடையவை. அந்த மாத்திரை தன்னை உணவு என்று சொல்லிக்கொள்வதில்லை, நான்காவது சப்பாத்திக்கும் அனுமதிச் சீட்டு கொடுப்பதில்லை. விலையும் குறைவு. மாவுக்கும் மைசூர்பாகுக்கும் இந்த நேர்மை கிடையாது.

ஆறு மாதமாக வீட்டில் சில மாற்றங்கள் செய்தோம். எல்லோர் தட்டிலும் சோறு குறைந்தது. பேரன் உட்பட எல்லோருக்கும் கொள்ளோ பயறோ ஒரு கரண்டி, பொரியல் இரண்டு கரண்டி. காலைச் சாப்பாட்டை அம்மா எட்டு மணிக்கு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதுவரை யாருக்கும் தோசை கிடையாது. இந்தக் கடைசி விதிக்குத்தான் எதிர்ப்பு அதிகம். எதிர்ப்பு அம்மாவிடமிருந்தே வந்தது. "எல்லாரும் பாத்துட்டிருக்க நான் மட்டும் எப்பிடிக் கண்ணு முழுங்கறது?" என்பார். முதல் வாரம் தட்டை எடுத்துக்கொண்டு புழக்கடைப் பக்கம் போய்விட்டார். இப்போது மேஜையில் உட்காருகிறார், ஆனால் நாற்காலியின் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துகொள்ளத் தோதாக. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் அவருக்கு 9.1 இருந்தது 7.8 ஆகியிருக்கிறது. மருத்துவர் மாத்திரையையும் மாற்றினார் என்பதால் எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

போன வாரம் மளிகைச் சீட்டு எழுதினோம். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். துவரம்பருப்பு ரெண்டு கிலோ, கொள்ளு ரெண்டு கிலோ, கடலைக்கொட்டை ஒரு கிலோ, கடலெண்ணெய் மூணு லிட்டர். அப்பா மாவு தீர்ந்திருந்தது. எழுதலாமா என்று கேட்டேன். "அப்பாவையே கேளு" என்றார். அப்பா செய்தித்தாளிலிருந்து நிமிர்ந்து, "இருக்கட்டும், எழுது" என்றார். எழுதினேன். ஒரு பொட்டலம் போதுமா, இரண்டா என்று கேட்டதற்கு அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்ணு போதும், இனி எனக்கும் அதுலயே சேத்துச் சுட்டுக்கறேன்" என்றார்.